பட்டாபிராமன் பூசிய பொன்னிறம்

எங்கள் கம்பெனியில் பட்டாபிராமனின் அறைக்கு மட்டும் தீட்டு உண்டு. தலைமை அலுவலகத்திலிருந்து எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். உள்ளே வந்தே தீருவேன் என்று அடம் பிடித்தால் ஷூவைக் கழற்றி, கையைக் கழுவி, தலைக்கு வலை மாட்டி, வாயை மறைத்து, கைக்கு உறை போட்டு அழைத்துப் போவார். அப்புறமும் எதையும் தொட விடமாட்டார். "பாக்கலாம், தொடப்படாது" என்பார். ஹிந்திக்காரரிடம் ஹிந்தியில், மராட்டியரிடம் மராத்தியில், என்னிடம் தமிழில். மடிக்கு மராத்தியில் 'சோவ்ளே' என்று பெயர். தொழிற்சாலையில் அவருக்கும் அதுதான் பெயர், சோவ்ளே சாகேப். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மடியைக் கண்டு ஓடியவர் அவர். அப்பாவுக்கு இதே ஊரில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. வீடு போபோடிச் சந்து ஒன்றில், ஓர் அறையும் சமையல்கட்டும். அந்த இரண்டுக்குள் அவருடைய அம்மா மடிப்புடவைக்கு ஒரு கொடி, மடிச் சொம்புக்கு ஒரு மூலை, மடியாக நடக்க ஒரு தனிப் பாதை என்று பெரிய ராஜ்ஜியமே நடத்தினாராம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுதான் தண்ணீர்ப் பானை வரை போக முடியும்.

"தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு கேட்டே வளந்தேன்யா. எங்காத்துல யாரும் அந்த வார்த்தைய சொல்லப்படாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே விசாலத்துகிட்ட கண்டிஷன் போட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார். வீட்டில் சொல்லவில்லைதான். அங்கே சொல்லாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் எங்கள் கம்பெனி இருக்கும் ஹடப்சர் தொழிற்பேட்டையில் சொல்லித் தீர்த்தார்.

நான் அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவு. கோயம்புத்தூர்க்காரன். நாங்கள் விற்பது இன்சர்ட். லேத்தில் சுழலும் உலோகத்தைச் சீவுகிறதே, அந்தக் கருவியின் நுனியில் பொருத்தும் சின்னச் சதுரக் கட்டி. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு மூலை தேய்ந்தால் திருப்பி அடுத்த மூலையை வைத்துக்கொள்ளலாம். சாதாரண வேலைக்கு வேறு உலோகக் கட்டிகள் இருக்கின்றன. சூளையில் வெந்து இறுகிய எஃகைச் சீவ வேண்டுமென்றால் செராமிக் வேண்டும். கறுப்பாக இருக்கும். ஒரு விதத்தில் அதுவும் நம் காபிக் கோப்பைக்குத் தூரத்து உறவுதான், ஆனால் குணம் வேறு. எவ்வளவு சூட்டையும் தாங்கும்; ஒரு சின்ன இடி தாங்காது. படக்கென்று விளிம்பு உதிர்ந்துவிடும்.

அந்தக் கறுப்புக் கட்டியின்மேல் பட்டாபிராமன் ஒரு பூச்சு பூசுவார். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த பெரிய எஃகுப் பெட்டிக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேர்த்துப் படிய விடுவார். வெளியே வரும்போது கட்டி தங்கமாக மின்னும். தலைமுடியின் கனத்தில் சிறு பங்குகூட இருக்காது. அந்த மெல்லிய தோல் சூட்டையும் உராய்வையும் தடுத்துக் கருவியின் ஆயுளைக் கூட்டும் என்பது அவர் வாழ்நாள் நம்பிக்கை. அந்தப் பளபளப்பைப் பார்த்தால் வாங்குகிறவன் வாயைப் பிளப்பான் என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. என் நம்பிக்கை மட்டும் தினமும் பலித்துக்கொண்டிருந்தது.

அவருடைய சிக்கல் இதுதான்: பூச்சு ஒட்டாது. உலோகத்தில் நன்றாகப் பிடிக்கிற பூச்சு செராமிக்கில் முதல் உரசலிலேயே உரிந்துகொண்டு வரும். "இரும்புல எவன் வேணா ஒட்ட வைப்பான். இது கல்லுய்யா, கல்லு" என்பார். விரல் ரேகை பட்டால் ஒட்டாது, தூசி பட்டால் ஒட்டாது, தும்மினால் ஒட்டாது. அதனால்தான் அத்தனை மடி. தொட்டி தொட்டியாகக் கழுவுவார். கட்டிகளை அடுக்கும் தட்டில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட விடமாட்டார். அதில் பசை இருக்கிறதாம், பஞ்சு உதிருமாம். எந்தத் தட்டில் எந்தச் சரக்கு என்பதைத் தலைக்குள் வைத்துக்கொள்வார். இப்படிப் பல வருஷங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும், அந்தப் பூச்சு இருந்ததால் ஒரு கட்டி கூடுதலாக உழைத்தது என்று அவரால் ஒரு தடவைகூட நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்க முடியாத விஷயத்தில் மனிதனுக்கு வரும் பிடிவாதம் இருக்கிறதே, அதைத் தெய்வத்தால்கூட அசைக்க முடியாது.

தலைமை அலுவலகம் அசைத்துப் பார்த்தது. போன வருஷம் செராமிக் பூச்சு அறையை மூடிவிட்டு அந்த இடத்தைப் பேக்கிங்குக்குக் கொடுப்பதாக முடிவு வந்தது. பட்டாபிராமனுக்கு ஓய்வு பெறச் சில வருஷங்கள்தான் பாக்கி. அது வரைக்கும் அதே பேக்கிங்கை மேற்பார்வை பார்க்கலாம் என்றார்கள். யார் யாருடைய அழுக்குக் கையோ அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்தில் அவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவர் மனைவியை நான் அப்போது ஹடப்சர் மண்டியில் பார்த்தேன். "சாப்பிடவே மாட்டேங்கறார் பிரசாத். தட்டைப் பாத்துண்டே ஒக்காந்திருக்கார்" என்றாள் விசாலம் மாமி.

எங்கள் ஆலைத் தலைவி தேஜஸ்வினி ஒரு கடைசி வாய்ப்பு வாங்கிக் கொடுத்தாள். சாகண் பக்கம் கியர் தண்டு செய்யும் ஒரு தொழிற்சாலை, வெளிநாட்டு இன்சர்ட்தான் வாங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் லேத்தில் எங்கள் பூச்சுக் கட்டியை ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். வெளிநாட்டுச் சரக்கைவிட அதிகம் உழைத்தால் ஆர்டர், அறையும் பிழைக்கும். இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி. சோதனைக்கு அவர்கள் கொடுத்த தேதி தசராவுக்கு மறுநாள். தசராவன்று விடுமுறை, அப்படியென்றால் நவமியன்றே பூச்சு ஏறியாக வேண்டும்.

இந்த ஊரில் நவமி என்றால் கண்டே நவமி, நம் ஆயுத பூஜை. எல்லா இயந்திரத்துக்கும் சாமந்தி மாலை, மஞ்சள், குங்குமம், தேங்காய். தொழிலாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். பட்டாபிராமனின் அறைக்கு மட்டும் பூஜை கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே முடிந்துவிடும். அவருக்குச் சாமியோடு சண்டையில்லை. குங்குமம் பறக்கும் என்ற பயம்தான். அந்த வருஷம் தேஜஸ்வினி ஒரு ஆசையைச் சொன்னாள். சோதனைக்குப் போகும் கட்டிகளையும் பூஜையில் வைத்து எடுத்தால் நல்லதாம். பெரிய தூக்குப் பாத்திரத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலோடு வந்திருந்த விசாலம் மாமிக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நானே வச்சு ஒரு அர்ச்சனை பண்ணிடறேன். ஆனா ஏன்னா, பூஜைல வச்சா நாளைக்கு தசமியன்னிக்கு புனர்பூஜை ஆனப்பறம்தான் எடுக்கணும். நடுவுல தொடப்படாது" என்றாள்.

தொடப்படாது என்று அவரிடமே சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டாபிராமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே பெட்டியில் ஏற்ற வேண்டிய சரக்கை நாளை வரை பூஜையில் வைப்பதா? அதுவும் குங்குமம் தடவியா? முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. இந்த வருஷம் மட்டும் சாமியைப் பகைத்துக்கொள்ள அவருக்குத் துணிச்சல் இல்லை. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, தரேன்" என்று நல்ல பிள்ளையாக உள்ளே போனார்.

உள்ளே தள்ளுவண்டியில் இரண்டு தட்டுகள் இருந்தன. மேல் தட்டில் சோதனைக்குப் போகும் அசல் கட்டிகள். கீழ்த் தட்டில் கழித்துப் போட்டவை. விளிம்பைத் தூரிகையால் லேசாக மழுக்கும் இயந்திரம் ஒரு நாள் நிறுத்தாமல் ஓடிவிட்டதால், வரைபடத்தில் சொன்னதைவிட அதிகமாக மழுங்கிப் போனவை. பெட்டிக்குள் காலியிடத்தை அடைக்க மட்டும் அவற்றை வைத்திருந்தார். பட்டாபிராமன் கழிசல் தட்டை எடுத்து வந்து பூஜைப் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு, உடை மாற்றப் போய்விட்டார். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காகிதம் ஒட்டாத தட்டு, யாருக்குத் தெரியப் போகிறது? பூச்சையும் காப்பாற்றியாயிற்று, தேஜஸ்வினியையும் மனைவியையும் சமாளித்தாயிற்று, அம்பாளுக்கும் காதில் பூ சுற்றியாயிற்று.

அன்று மாலையே கட்டிகளைக் கழுவி, பெட்டியில் ஏற்றி, பொன்னாக்கி எடுத்தார். தசமியன்று விசாலம் மாமி வந்து புனர்பூஜை செய்து தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பக்தியோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உள்ளே கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்துவிட்டார். குங்குமத்தைக் கழுவக்கூடச் சோம்பல்.

மறுநாள் சாகணில் நானும் அவரும் நின்றோம். லேத் ஓட்டுபவர் பெயர் ஜக்தாப். முப்பது வருஷம் உலோகத்தைச் சீவி, உலகத்தில் யார் சொன்னாலும் நம்பாத ஒரு முகம் அவருக்கு அமைந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். தண்டுக்குப் பின் தண்டாகச் சீவித் தள்ளினார். பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். வெளிநாட்டு இன்சர்ட் வழக்கமாகக் கைவிடும் இடம் வந்தது, தாண்டியது. எங்கள் கட்டி சத்தம் மாறாமல் ஓடிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் அது ஓய்ந்தபாடில்லை.

"ஏக் நம்பர், சாகேப்!" என்றார் ஜக்தாப், முதல் முறையாகச் சிரித்து.

திரும்பி வரும்போது காரில் பட்டாபிராமன் அழுதார். மறைக்கவும் இல்லை. "ஒட்டிடுத்து பிரசாத். எத்தனை வருஷம், ஒட்டிடுத்து பாத்தியா" என்றார். அந்த மனிதருக்காக அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் என் கமிஷனுக்காகப் பட்ட சந்தோஷம் இல்லை. கமிஷனுக்காகப் பட்டது தனி.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வத்தக்குழம்பும் பருப்புசிலியும் செய்து, ஸ்ரீகண்ட் இனிப்பும் வாங்கி வைத்திருந்தாள் மாமி. பட்டாபிராமன் பூச்சு ஒட்டுவதன் தத்துவத்தை இலையில் சாதத்தால் வரைந்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டே மாமி சொன்னாள்:

"ஜெயிக்காம எப்படி இருக்கும்? அம்பாள் கால்ல வச்ச சரக்காச்சே."

பட்டாபிராமன் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். "ஆமாமா, அம்பாள்தான்" என்றார்.

"கண்ண சிமிட்ட வேண்டாம். உங்களப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்? வேணாத சரக்கக் கொண்டுவந்து வச்சுட்டு நைசா போயிடுவேள்னு தெரியும். நீங்க அந்தண்ட போனதும் கழுவற இடத்துல இருந்த பொண்ணக் கேட்டேன், 'கஸ்டமர் கா மால் கௌன்சா'ன்னு, கஸ்டமர் சரக்கு எதுன்னு. மேல் தட்டுன்னா. அத எடுத்து பூஜைல வச்சேன். நீங்க கொண்டுவந்தத அந்த எடத்துல வச்சுட்டேன். கட்டிய தொடல, தட்டத்தான் தொட்டேன். கோச்சுக்காதீங்கோ."

அவள் நினைத்தது என்னவென்றால், புனர்பூஜை ஆன பிறகு அந்தப் புனிதச் சரக்கைத்தான் கணவர் சாகணுக்குக் கொண்டுபோனார் என்று. நவமி மாலையே அவள் மாற்றி வைத்த தட்டு பெட்டிக்குள் போய்விட்டது அவளுக்குத் தெரியாது. பட்டாபிராமனின் கை இலையிலேயே நின்றது. எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அம்பாளை ஏமாற்றப் போன மனிதரை மாமி ஏமாற்றியிருக்கிறாள். சாகணில் வெளிநாட்டுக்காரனைத் தோற்கடித்தது கழிசல்.

ஸ்ரீகண்ட் அப்படியே இருக்க, நானும் அவரும் தொழிற்சாலைக்கு ஓடினோம். மூலையில் இருந்த குங்குமத் தட்டை எடுத்து, ஒரு கட்டியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நான் பார்க்கவில்லை, அவர் முதுகைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. விளிம்பு வரைபடத்தில் சொன்னபடி கூராக இருந்தது. அசல் சரக்கு. பூச்சே ஏறாமல், மஞ்சளும் குங்குமமும் மட்டும் ஏறி, பத்திரமாக இருந்தது.

"அப்ப ஜெயிச்சது என் பூச்சா, மழுங்கின விளிம்பா?" என்றார்.

"சார், யாருக்குங்க தெரியப் போவுது? ஆர்டர் வந்துருச்சு. இனிமே எல்லாத்தையும் கொஞ்சம் அதிகமா மழுக்கிப் பூசி அனுப்பிடலாங்க சார். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். விற்பனைக்காரன் தரக்கூடிய மிக உயர்ந்த வாக்கு அது.

அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியணுமேய்யா."

மறுநாள் காலை நேராகத் தேஜஸ்வினியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், மாமி தட்டை மாற்றியது உட்பட. தன் அறையை மூடவிருக்கும் கத்தியைத் தானே தீட்டிக் கொடுக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேஜஸ்வினி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். அதற்காக அவளுக்கு என்றைக்கும் நன்றி. கழிசல் தட்டில் பூச்சு ஏறாத கட்டிகள் சில மிச்சம் இருக்கின்றனவா என்று மட்டும் விசாரித்தாள். இருந்தன. அவற்றைக் கறுப்பாகவே சாகணுக்கு அனுப்பினாள்.

கறுப்புக் கட்டிகளும் அதே அளவு உழைத்தன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

விஷயம் எளிது. கூரான விளிம்பு கெட்டியான எஃகில் மோதினால் உதிரும். கொஞ்சம் மழுங்கியிருந்தால் தாங்கும். எவ்வளவு மழுங்கினால் இந்த வேலைக்குச் சரி என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. வரைபடம் ஓர் அளவைச் சொன்னது. அதை மீறியதையெல்லாம் குப்பை என்று ஒதுக்கினோம். குப்பைதான் சரியான அளவு. பட்டாபிராமனின் தங்கத் தோல் அதற்குத் துளி நன்மையும் செய்யவில்லை, துளி கெடுதலும் செய்யவில்லை. கெடுதல் செய்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அது ஏதோ செய்கிறது என்று ஆகியிருக்கும். தேஜஸ்வினி இதைச் சொன்னபோது, "ம், சரி" என்றார். அறைக்குப் போய் வழக்கம்போல ஷூவைக் கழற்றிவிட்டு, உள்ளே நுழையாமல் அங்கேயே நின்றார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கீழே போய்விட்டேன்.

இனி அறை எதற்கு? கறுப்பாகவே விற்கலாம் என்று தலைமை அலுவலகம் துள்ளியது. அப்போது சாகணிலிருந்து ஜக்தாப்பின் குரல் வந்தது. கறுப்பு வேண்டாம், தங்கம்தான் வேண்டும்.

ஏன் என்று கேட்க நான்தான் போனேன். ஜக்தாப் ஒரு கறுப்புக் கட்டியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "இதில் எந்த மூலை தேய்ந்தது, எந்த மூலை புதுசு? சொல்லு பார்க்கலாம்" என்றார் ஹிந்தியில். அந்தக் கொட்டகை வெளிச்சத்தில் எனக்கு மூலையே தெரியவில்லை. பிறகு தங்கக் கட்டி ஒன்றை எடுத்தார். வேலை செய்த மூலையில் பொன் உரிந்து கறுப்பு பளிச்சென்று தெரிந்தது. "உங்கள் தங்கம் அருமை. தொட்டதும் போய்விடுகிறது. எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மாற்றாதீர்கள்."

இதை அப்படியே வந்து சொல்லாமல், "வாடிக்கையாளர் பூச்சை வற்புறுத்துகிறார்" என்று சொன்னேன். அறை பிழைத்தது. ஆர்டர் பெரிதானதும் இன்னொரு பெட்டிகூட வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் உண்மை எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? ஆர்டரோடு வந்த நிபந்தனையிலேயே எழுதியிருந்தது, நிறம் பொன்னிறம், அடையாளத்துக்காக. பட்டாபிராமன் படித்துவிட்டு என்னிடம் கேட்டார், "பெயிண்ட் அடிக்கறவனாயிட்டேன் இல்லையா?" எல்லோரும் வாழ்த்தினார்கள், பேடா கொடுத்தார்கள். அவர் நினைத்த அறை கிடைத்தது, நினைத்ததைவிடப் பெரிதாகவே கிடைத்தது. அந்த அறையில் அவர் செய்து காட்ட நினைத்த ஒன்று மட்டும் பொய்யாகிவிட்டது.

வெறும் நிறம்தானே, இத்தனை கழுவல் எதற்கு, ஒன்றிரண்டு தொட்டிகளைக் குறைக்கலாமே என்றார்கள். பட்டாபிராமன் குறைக்கவில்லை. மாறாக, ஒன்றைக் கூட்டினார். மழுங்கிய விளிம்பில் பூச்சு நன்றாகப் பிடிக்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். கூரான விளிம்பில்தான் முதலில் உரிந்துகொண்டு போகுமாம். பொன்னுக்கு அடியில் இன்னொரு மெல்லிய படலத்தைப் படிய வைத்துப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தேவையில்லை. மனிதர் தம்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்.

மழை பிடித்த சமயம் சாகணிலிருந்து புகார் வந்தது. ஜக்தாப் போனில் கத்தினார். ஒரு தண்டே பாழாகிவிட்டதாம், இப்படியே போனால் பழைய வெளிநாட்டுக்காரனிடமே திரும்பிவிடுவார்களாம். நான் பட்டாபிராமனையும் இழுத்துக்கொண்டு போனேன். மழையில் வழியெல்லாம் டிராபிக். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பூச்சு மொத்தமாக உரிந்து வருகிறது போலிருக்கிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

ஜக்தாப் ஒரு கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தார். "இந்த மூலை புதுசா, தேய்ந்ததா?"

பட்டாபிராமன் பார்த்தார். தகதகவென்றிருந்தது. "புதுசு" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைத்துத் திரும்ப மாட்டினேன். நேற்று முழுக்க ஓடி முடிந்த மூலை அது, சாகேப்!"

பட்டாபிராமன் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கட்டியை அப்படியும் இப்படியும் திருப்பினார். விளிம்போரம் ஒரு மயிரிழைக்குத் தேய்ந்திருந்தது. அதைத் தவிர மற்ற இடமெல்லாம் பூச்சு அசையாமல் இருந்தது. எஃகு நாளெல்லாம் அடித்தும் போகவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. கல்யாணத்திலும் அப்படி இருந்திருக்க மாட்டார்.

"ஒட்டிண்டிருக்குய்யா" என்றார். "வா, வந்து பாரேன். ஒட்டிண்டிருக்கு."

நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஜக்தாப்புக்கு எங்கள் சந்தோஷம் புரியவில்லை. வாடிக்கையாளரின் தண்டைப் பாழாக்கிவிட்டு இரண்டு மதராசிகள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "இது எனக்கு வேண்டாம். முன்னே மாதிரி தொட்டதும் போகிற மாதிரி செய்து கொடுங்கள். முடியாதென்றால் சொல்லிவிடுங்கள்" என்றார்.

முடியாது என்றால் அந்த அறை மறுபடியும் அட்டைப்பெட்டிக்குத்தான். பட்டாபிராமன் உருப்பெருக்கியை மடித்துப் பைக்குள் போட்டார். "ஹோ ஜாயேகா" என்று செய்து தர ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒட்ட வைக்கத் தெரிந்துகொண்ட மனிதருக்கு உரிய வைக்க வரவில்லை. அடிப்படலத்தை எடுத்தார், புதுப் பெட்டியில் அப்போதும் போகவில்லை. சூட்டைக் குறைத்தார், போகவில்லை. ஒரு தொட்டிக் கழுவலை விட்டார். அன்று முழுக்க முகமே சரியில்லை. கடைசியில் தாமே கை உறையைக் கழற்றிவிட்டு, கட்டிகளை ஒவ்வொன்றாக வெறும் விரலால் தடவி, அந்த விரல் ரேகையோடு பெட்டியில் ஏற்றினார். நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அந்தச் சரக்கு போன வாரம் ஜக்தாப்பின் லேத்தில் ஏறியது. உடனே போன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டுப் பட்டாபிராமனின் முன்னால் வைத்தேன். "பஹுத் படியா, சாகேப்! தொட்டதும் போகிறது! இதேபோலக் கடைசி வரைக்கும் கொடுங்கள்!" என்று ஜக்தாப் மனமார வாழ்த்தினார். பட்டாபிராமன் நன்றி சொன்னார். போனை அணைத்து என் பக்கம் தள்ளினார். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு சாகண்ல நீ பாத்தியோன்னோ பிரசாத்?"

"பாத்தேனுங்க சார்."

"நன்னா பாத்தியா? ஒட்டிண்டுதானே இருந்தது?"

"ஒட்டிட்டுத்தான் இருந்துச்சுங்க சார். கொஞ்சங்கூட அசையல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உலகத்தில் அதைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அதைப் புகாராகச் சொல்லிவிட்டார், இன்னொருவர் அவர்தான். மிச்சம் இருப்பவன் விற்பனைக்காரன். நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.